பெட்டி மாறலாம், கணக்கு மாறக் கூடாது

"சர்வர் மாத்துறோம் சார். ஒரு சனி, ஞாயிறு வந்துட்டுப் போக முடியுமா?" என்று அந்தத் தம்பி போனில் கேட்டார். சென்ற தை மாதம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் காலை நடை போய்க்கொண்டிருந்த நேரம். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தேன். அடுத்த வாக்கியத்தில் விஷயம் வந்துவிட்டது. "உங்க ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம் இன்னும் ஓடுது சார்."

நெய்வேலியில் ஒரு சிக்கன நாணயச் சங்கம். பெயர் வேண்டாம். 1993-இல் அலுவலக நேரம் போக, மாலையில் உட்கார்ந்து அவர்களுக்குப் பேரேடு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினரின் பங்குத் தொகை, சிக்கனச் சேமிப்பு, கடன், ஜாமீன் யார், வாரிசு யார், எல்லாம் அதில்தான். பிறகு புது மென்பொருள் வாங்கிவிட்டார்கள். ஆனால் பழைய உறுப்பினர்களின் கணக்கை அதில் ஏற்றவே இல்லை. ஒருவர் ஓய்வு பெறும்போதோ இறக்கும்போதோ மட்டும் என் புரோகிராமைத் திறந்து, கணக்கைத் தீர்த்து, மூடிவிடுவார்கள்.

டாஸ் காலத்துப் புரோகிராம் எப்படி இன்னும் ஓடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. அதனால் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு மெய்நிகர் கணினிக்குள் அதை வைத்திருந்தார்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. வெளி உலகத்தோடு இணைப்பு இல்லாமல் உள்ளேயே கிடந்ததால் பிழைத்தது.

மெய்நிகர் கணினி என்றால் என்ன என்று என் வயது நண்பர்களுக்குச் சொல்ல ஒண்டுக்குடித்தனம்தான் நல்ல உதாரணம். ஒரே பெரிய கணினி, அதற்குள் ஏழெட்டுக் குடித்தனம். நிஜ ஒண்டுக்குடித்தனத்தில் குழாயடிச் சண்டை வரும். இங்கே பக்கத்தில் ஒருவன் இருப்பதே இன்னொருவனுக்குத் தெரியாது. வீடு முழுக்கத் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருப்பான். புது யோசனை ஒன்றும் இல்லை. ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு இதை 1972-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. சாதாரண பீசிக்குக் கொண்டுவந்து பரப்பியது 1998-இல் தொடங்கிய விஎம்வேர். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குடித்தனம் முழுவதும் ஒரு பெரிய கோப்பு, கூடவே சில சின்னக் கோப்புகள். அவ்வளவுதான். கோப்பை எடுத்துக்கொண்டு போய் வேறு பெட்டியில் வைத்தால் அங்கே எழுந்து நடக்க வேண்டும்.

சங்கத்தில் இருந்த பழைய ஹோஸ்ட் கணினிகள் இரண்டு. டிஸ்க் போனால் மாற்று டிஸ்க் கிடைக்காத நிலை. புதிதாக ஒரே சர்வர் வாங்கி, பிராக்ஸ்மாக்ஸ் போட்டிருந்தார் தம்பி. வியன்னாவில் உள்ள ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவரும் மென்பொருள் அது. லினக்ஸ் அடிப்படை, இலவசமாகவே பயன்படுத்தலாம். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கி, ஒருமுறை வாங்கும் உரிமத்தை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு உலகம் முழுக்கப் பல அலுவலகங்கள் இப்படிக் குடிமாறிக்கொண்டிருக்கின்றன. 2024 ஏப்ரலில் வந்த பதிப்பில் விஎம்வேரிலிருந்து நேராக இழுத்துக்கொள்ளும் வசதியையே சேர்த்துவிட்டார்கள்.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த மாற்றம் புதிதில்லை. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் கட்டியது. 1962-இல் ஓடத் தொடங்கி 600 மெகாவாட் வரை வளர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த புது நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு. முதல் அலகு 2019 டிசம்பரில் வந்தது. பழையது முழுசாக நின்றது 2020 செப்டம்பரில். நடுவில் ஒன்பது மாதம் பழசும் புதுசும் சேர்ந்து ஓடின. எங்கள் தலைமுறைக்கு அந்தப் பழைய புகைபோக்கிகள்தான் ஊர். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மின்சாரத்துக்கு அது சரி. எந்த நிலையத்தில் பிறந்தாலும் கம்பிக்குள் போனபின் மின்சாரம் ஒன்றுதான். கணக்குக்கு அது நடக்காது. பழைய பெட்டியிலும் பேரேடு, புதுப் பெட்டியிலும் பேரேடு, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் காலையில் ஒரு ரசீது இதில் ஏறும், மாலையில் ஒன்று அதில் ஏறும். பிறகு எது பேரேடு என்று எந்தத் தணிக்கையாளராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் பழசை நிறுத்த வேண்டும், பிறகுதான் புதுசைத் துவக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மாலை, எக்ஸ்பியை நிறுத்துவதற்கு முன்னால், நான்கு கூட்டுத்தொகைகளைக் குறித்துக்கொண்டேன். பங்குத் தொகை மொத்தம், சிக்கனச் சேமிப்பு மொத்தம், நிலுவைக் கடன் மொத்தம். நாலாவது, உறுப்பினர் எண்களின் கூட்டுத்தொகை. தம்பி சிரித்தார். "மெம்பர் நம்பரை எதுக்கு சார் கூட்டுறீங்க?" அந்தத் தொகைக்கு அர்த்தமே கிடையாதுதான். ஆனால் ஒரு உறுப்பினர் விட்டுப்போனாலும், ஒருவர் இரண்டு தடவை ஏறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். துளை அட்டை காலத்தில் ஒவ்வொரு கட்டு அட்டைக்கும் இப்படிக் கூட்டிப் பார்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

மற்ற விஎம்கள் எல்லாம் அதிகத் தொந்தரவு இல்லாமல் வந்தன. ஒரு விண்டோஸ் சர்வர் மட்டும் நீலத் திரை காட்டியது. புது டிஸ்க் வகைக்கான டிரைவர் அதற்குள் இல்லை. சாட்டா டிஸ்க்காக மாட்டியதும் எழுந்துகொண்டது. நேரம்தான் போனது. ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் போகும் என்று வைத்தாலே ஒரு டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம். பழைய டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வாசலில் டீ குடித்துவிட்டு வந்து வந்து பார்த்தோம்.

எக்ஸ்பி இருந்த ஹோஸ்ட் மிகப் பழைய பதிப்பு. அதனால் அந்த டிஸ்க் கோப்பைத் தம்பி கையாலேயே நகல் எடுத்தார். எடுத்தபின் இரண்டு பக்கமும் செக்சம் போட்டுப் பார்த்தார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. துவக்கினோம். முதல் தடவையிலேயே எழுந்தது. பழைய ஐபி முகவரியைக் கொடுத்தால் மட்டும், அது வேறொரு நெட்வொர்க் கார்டுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது என்று சொன்னது. காலி செய்துபோன ஆள் ரேஷன் கார்டில் பெயரை எடுக்காமல் போன மாதிரி. பழைய கார்டு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்தது, தேடி நீக்கினோம். பேரேடு திறந்தது. என்னுடைய அதே பச்சை எழுத்து மெனு. தம்பி கை கொடுத்தார்.

கூட்டிப் பார்த்தேன். நான்கில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

சேமிப்பு மொத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகம். உறுப்பினர் எண் மொத்தமும் அதிகம். குறைந்திருந்தால் ஏதோ விட்டுப்போயிற்று எனலாம். கூடியிருக்கிறதே? தீர்த்த கணக்குகளைப் பட்டியல் எடுத்துப் பார்த்தேன். கடைசித் தீர்வு 2018-இல் நின்றது. அதன் பிறகு ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் எல்லோரும் அந்தத் திரையில் இன்னும் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

தம்பிக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபட்டது. 2018-இல் யாரோ அந்த விஎம்முக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து பெரிய கோப்பு உறைந்துவிடும். அதற்குப் பின் எழுதுவதெல்லாம் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கோப்பில் சேரும். பேரேட்டை மூடி வைத்துவிட்டுத் தனித்தாளில் எழுதுவது போல. நாங்கள் கொண்டுவந்தது பேரேட்டை மட்டும். ஆறு வருஷத் தனித்தாள்கள் பழைய பெட்டியிலேயே கிடந்தன. நகல் எடுத்த கோப்பு சரியாகத்தான் வந்திருந்தது, செக்சம் பொய் சொல்லவில்லை. அதிடம் கேட்ட கேள்வியே வேறு.

பழைய ஹோஸ்டில் ஸ்னாப்ஷாட்டை ஒன்றாக்கச் சொன்னோம். ஓடிக்கொண்டே இருந்தது. பாதியில் டிஸ்க் போய்விட்டால் என்று ஒரு பயம். ஆரம்பிப்பதற்கு முன் அந்தச் சின்னக் கோப்பையும் தனியாக நகல் எடுத்திருந்தார் தம்பி, கெட்டிக்காரர். ஞாயிறு மதியம் மறுபடி நகல், மறுபடி துவக்கம். நான்கு தொகையும் பைசா சுத்தமாகப் பொருந்தின.

சும்மா ஒரு கணக்கை எடுத்து இரண்டு நகலிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உறைந்த நகலில் வாரிசாக அண்ணன் பெயர். சரியான நகலில் மனைவி பெயர், 2021-இல் மாற்றியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த வாரிசை ரொம்ப நாள் கழித்துத்தான் மாற்றியிருப்பார் போலிருக்கிறது. நிறையப் பேர் அப்படித்தான். நாங்கள் மெனு வந்ததைப் பார்த்துவிட்டுக் கை கொடுத்துக் கிளம்பியிருந்தால், அந்தப் பணம் ஒருநாள் அண்ணன் கைக்குப் போயிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தம்பியும் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற விஎம்களிலும் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தார். இல்லை.

பழைய ஹோஸ்ட் இரண்டிலும் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டோம். மின்சாரம் போய் வந்தால் விஎம்கள் தானாகவே எழுந்துகொள்ளும்படி அமைத்திருந்தார்கள். மின்சாரம் தயாரிக்கும் ஊரிலும் கரண்ட் போகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. மார்ச் 31 கணக்கு முடிந்து, தணிக்கையும் முடியும் வரை அவற்றை எடைக்குப் போடக் கூடாது என்று செயலாளரிடம் சொன்னேன். இடத்தை அடைக்கிறதே என்று முனகினார், சரி என்றார்.

எக்ஸ்பியை இன்னும் எத்தனை பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு அலைவது? பேரேட்டையே அதிலிருந்து எடுத்துப் புது மென்பொருளில் ஏற்றும் வேலையைத் தம்பியும் நானும் ஆரம்பித்திருக்கிறோம். அவர் ஏற்றுவார், நான் கூட்டிப் பார்ப்பேன். 1993-இலிருந்து தொடங்கி, இப்போது 1998 வரை வந்திருக்கிறோம்.