ஊரடங்கில் வன்னிக்கு ஒரு பயணம்

ஊரடங்குச் சட்டம் என்ற சொல் எமக்குப் புதியதல்ல. ஊரடங்கு வேளையில் பிள்ளை பெற்றவர்களும் பிணத்தை அடக்கம் செய்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு, கொரோனாவைக் காரணமாகக் கொண்டு நாடு முழுவதற்கும் பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கு கொழும்பு வாசிகள் பலருக்குப் புதியதாகவே இருந்தது. இரண்டொரு நாளுக்கென்று பருப்பும் மாவும் வாங்கி வைத்தவர்கள் வாரக்கணக்கில் வீட்டுக்குள் இருக்க நேர்ந்தது.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வடக்கிலிருந்து சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு தாயும் அப்படி அகப்பட்டவர்களுள் ஒருவர். கிளிநொச்சியைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே இங்கு குறிப்பிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு மூன்றாவது ஊசி போட்டு ஊர் திரும்ப ஆயத்தமானபோது பஸ்ஸும் நின்றது, ரயிலும் நின்றது. வைத்தியசாலைக்கு அருகில் வாடகை அறை ஒன்றில் தங்கி நாலாவது ஊசியையும் போட்டுக்கொண்டார். கையிலிருந்த காசு கரைந்தது. நோய்க்காரரை வைத்திருக்கப் பயமாக இருக்கிறது, வேறு இடம் பாருங்கள் என்று வீட்டுக்கார அம்மாவும் சொல்லிவிட்டார். அவர் கெட்டவரல்ல. அந்த நாட்களில் எல்லோருக்கும் பயம் இருந்தது.

வைத்தியசாலைக் கடிதம், கிராம அலுவலரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் சேர்த்து, மூன்று நாள் அலைந்து பொலிஸாரிடம் பாஸ் பெற்றோம். சாரதிக்கும் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. முழுவதும் சிங்களத்திலேயே இருந்தது. அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. அதனால்தான் துணையாக நான் போனேன்.

ஏப்ரல் 12ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு, விடியற்காலை 5 மணிக்கு வான் புறப்பட்டது. பொரளை, தெமட்டகொட, களனிப் பாலம் என்று, வழக்கமாக ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து போகும் பாதையை இருபது நிமிடத்தில் கடந்தோம். சமிக்ஞை விளக்குகள் யாருக்கோ சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தன. கடைத் திண்ணைகளில் நாய்கள் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன.

அக்கா கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "பிள்ளை, 2008இல நாங்கள் விட்டுட்டுப் போன கிளிநொச்சியும் இப்பிடித்தான் கிடந்திருக்கும் என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொரு ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள். வெறுமையான கிளிநொச்சியை அவர்கள் காணவில்லை. திரும்பி வந்தபோது கண்டது கூரையில்லாத வீடுகளையும் விழுந்து கிடந்த நீர்த்தாங்கியையும்தான்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரே தன் கேள்விக்கு மறுப்பும் சொன்னார். வான் கட்டுநாயக்காவைத் தாண்டும்போது, விடுதி வீடுகளின் மாடிகளில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பெண்கள் சுவரில் சாய்ந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லைப் பிள்ளை, இஞ்ச சனம் உள்ளுக்க இருக்குது. அது வேற" என்றார்.

அது உண்மையில் வேறுதான். சனம் விட்டுப்போன ஊரில் கதவு திறந்து கிடக்கும், இங்கே எல்லாக் கதவும் பூட்டியிருந்தன. ஆனால் பூட்டிய கதவுக்குள் எல்லோருக்கும் ஒரே வாழ்வு கிடைக்கவில்லை. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில், யுத்தம் முடிந்த பின்னர் எமது பிள்ளைகளும் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது அவர்களில் பலர் ஒரு சிறிய அறையில் நாலைந்து பேராக, சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல் இருந்தார்கள். மாதச் சம்பளமும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ளவருக்கு ஊரடங்கு ஓய்வாக இருந்திருக்கலாம். நாட்கூலிப் பெண்ணுக்கு அது அடுப்பு எரியாத நாள். ஒரு மாதம் கழித்து, மே 21ஆம் திகதி, கொழும்பு மாளிகாவத்தையில் தனியார் ஒருவர் காசு பகிர்ந்தளித்த இடத்தில் நெரிசலில் அகப்பட்டு மூன்று பெண்கள் இறந்தார்கள்.

நீர்கொழும்பில் தேவாலயக் கதவுகள் மூடியிருந்தன. முந்திய ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, 2019 ஏப்ரல் 21இல், கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் குண்டு வெடித்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த ஊர் அது. வீடுகளுக்குள் தொலைக்காட்சியில் பூசை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் கேட்ட பாட்டின் தொடர்ச்சி அடுத்த வீட்டிலும் கேட்டது. வான் மெதுவாகப் போனதால் ஒரு பாட்டு முழுவதையும் தெருவிலிருந்தே கேட்டோம்.

வழியில் எத்தனை சோதனைச்சாவடிகள் என்று அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்று. ஒவ்வொன்றிலும் பாஸைக் காட்டி, கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஓரிடத்தில், வடக்கில் ஆஸ்பத்திரி இல்லையா என்று அதட்டினார்கள். இன்னோரிடத்தில் ஓர் இளம் இராணுவச் சிப்பாய் அக்காவின் தலைச்சீலையைப் பார்த்துவிட்டு, பாஸை வாங்காமலே தடையை விலக்கினார். தன் தாய்க்கும் இதே வருத்தம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும், "சுகம் வரட்டும் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அக்கா.

புத்தளத்தில் வெயில் ஏறிவிட்டது. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து குடியேறிய மாவட்டம் அது. பள்ளிவாசல் முற்றங்களில் ஆளில்லை. கொரோனாவால் இறப்பவர்களை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி அறிவித்தல் அதற்கு முதல் நாள்தான் வெளிவந்திருந்தது. அடக்கம் செய்வதற்கான அனுமதி 2021 பெப்ரவரியில்தான் கிடைத்தது, அதுவும் ஓட்டமாவடியில் மட்டும். தங்கள் பிள்ளையின் உடலைக் காணாத தாய்மார் அந்த வேதனையை எவரும் விளக்காமலே அறிவார்கள். அக்காவும் அவர்களில் ஒருவர். மூத்த மகன் 2009 முதல் இல்லை.

அநுராதபுரத்துக்குப் போகும் காட்டுப்பாதையில் மயில்கள் நடு றோட்டில் நின்றன. மதவாச்சி வந்தபோது அக்காவின் கை தானாகவே கைப்பையைத் தேடியது. யுத்தகாலத்தில் அந்தச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறியவர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது. வவுனியாவில் சாரதி தேநீர் தேடினார். ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. பம்பைமடுவில் தனிமைப்படுத்தல் முகாம் இருப்பதாகப் பேசிக்கொண்டோம். 2009இல் சரணடைந்த பெண்களை வைத்திருந்ததும் அந்த ஊரில்தான். அதற்குப் பிறகு ஓமந்தை வரை ஒருவரும் கதைக்கவில்லை.

கிளிநொச்சியில் கந்தசாமி கோவிலடியைக் கடந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் அமர்ந்திருந்த கொட்டகைப் பக்கம் அக்கா திரும்பிப் பார்த்தார். வெயில் தாழும் முன் வீட்டுப் படலைக்கு வந்துவிட்டோம். மகள் ஓடிவந்து, தொடலாமோ கூடாதோ என்று தெரியாமல் நாலடி தள்ளி நின்று அழுதாள். சமுர்த்தியில் 5,000 ரூபா கிடைத்ததாகவும், கடன் தவணை கேட்டு வருகிறவர்கள் மட்டும் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து வரவில்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

கொழும்பிலிருந்து வந்தவர் என்பதால் 14 நாள் வீட்டுத் தனிமை என்று சுகாதாரப் பரிசோதகர் படலையில் அறிவித்தல் ஒட்டினார். அயல்வீட்டு ஆச்சி ஒருவர் வேலிக்கு மேலால் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது ஊசிக்கான நாள் ஏப்ரல் 29. மறுபடியும் 330 கிலோமீற்றர் போய்வர வசதியில்லை. மகரகமவில் புறப்படும் முன்னரே சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியையும், தெல்லிப்பளை வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடர்வதற்கான மாற்றக் கடிதத்தையும் நாம் கேட்டு வாங்கியிருந்தோம். கேட்டால்தான் தருகிறார்கள் சகோதரிகளே, ஆனால் கேட்டால் தருகிறார்கள். 29ஆம் திகதி அக்கா தெல்லிப்பளையிலிருந்து தொலைபேசி எடுத்தார். ஊசி போட்டாயிற்று, வழியில் மூன்றே மூன்று சோதனைச்சாவடிகள்தான் என்றார்.