தானியக் குவியலும் ஆகாய விமானமும்

ஷஃபான் மாதத்து இரவொன்றில் இஷாத் தொழுகையை முடித்துவிட்டுத் திருப்பத்தூரில் நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அமெரிக்காவிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. அழைத்தவர் சிறுவயதில் மாலைவேளைகளில் நம்மிடம் குர்ஆன் ஓதவும் தமிழ் படிக்கவும் வந்தவர்; இப்போது டெக்சாஸ் மாநிலத்தில் கணினிப் பொறியாளர். ஸலாமும் நலம் விசாரிப்பும் முடிந்த பின்னர், "ஹஜ்ரத், நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு விமானம் வாங்கப் போகிறோம். துஆச் செய்யுங்கள்" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். நம் பகுதியில் மனை வாங்குவோரைக் கண்டிருக்கிறோம். டேனரியில் பங்கு வாங்குவோரையும் கண்டிருக்கிறோம். விமானம் வாங்குகிறோம், துஆச் செய்யுங்கள் என்று கேட்டவர் இவர் ஒருவரே. அவரோ வேடிக்கை பேசவில்லை. முறைப்படி பயின்று விமானி உரிமம் பெற்றிருந்தார். வாங்கவிருந்தது 1970களின் இறுதியில் கட்டப்பட்ட 'பைப்பர் ஆர்ச்சர்' என்னும் சிறு விமானம். நான்கு இருக்கை, ஒற்றை எந்திரம், 180 குதிரைத்திறன். மூவரும் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு நல்ல காரின் விலைதான் ஆகுமாம். "வேலூருக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்துல்லாபுரத்தில் ஜன்னல் ஓரத்துக்கு வந்துவிடுவேனே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். நினைவிருந்தது. பயிற்சி விமானிகள் அங்கே பழகி வந்த காலம் அது. பள்ளிகொண்டாவைத் தாண்டியதுமே அந்தப் பிள்ளையின் கழுத்து வெளியே நீண்டுவிடும்.

துஆவோடு ஒரு மார்க்க விளக்கமும் அவருக்குத் தேவைப்பட்டது. விற்பவர் அனுப்பிய ஒப்பந்தத்தில், விமானம் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது, பின்னர் எந்தக் குறை தென்பட்டாலும் விற்பவர் பொறுப்பல்லர் என்று எழுதியிருந்ததாம். இது கூடுமா?

இத்தகைய வினா வந்தால் நமக்கு நேரம் போவது தெரியாது. விற்ற பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதற்குக் கியாருல் ஐப் என்று பெயர். ஆயினும் எல்லாக் குறைகளிலிருந்தும் தாம் நீங்கியவர் என விற்பவர் முன்னரே நிபந்தனையிட, வாங்குபவரும் அதை ஏற்றுக்கொண்டால், ஹனஃபீ மத்ஹபில் அது செல்லும். நாம் ஓதிய ஹிதாயாவில் அப்படித்தான் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபினர் இவ்வளவு தாராளமாக விடுவதில்லை. கால்நடையின் உள்ளே மறைந்திருந்து, விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அவர்கள் அந்த விலக்கை அளிக்கின்றனர். எந்த மத்ஹபானாலும், அறிந்த குறையை மறைப்பது பாவமே. வானில் பறக்கும் பறவையை விற்பது கூடாது என்னும் சட்டத்தையும் வேடிக்கையாக நினைவூட்டினோம். "ஹஜ்ரத், இது கொட்டகையில்தான் நிற்கிறது" என்றார்.

பிறகுதான் கேட்டோம்: "விமானத்தைப் பார்த்துச் சொன்னவர் யார்?"

"விற்பவருடைய மெக்கானிக்தான். ஒன்பது வருடமாக அவர்தான் அதைப் பராமரிக்கிறார். போன மாதம் வருடாந்தரச் சோதனையை முடித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவரைவிட அதை அறிந்தவர் யார் இருக்க முடியும்?"

நமக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இதே சொற்களை ஒருகாலத்தில் நாமே சொல்லியிருக்கிறோம்.

2009ஆம் ஆண்டு. மதரஸாப் பிள்ளைகளை ஏற்றி வருவதற்கு ஒரு பழைய வேன் வாங்குவதென நிர்வாகத்தார் முடிவு செய்து, பொறுப்பை நம்மிடம் விட்டனர். அரபு இலக்கணத்தில் நமக்கு ஓரளவு புலமை உண்டு. வண்டியில் எந்தப் பக்கம் எந்திரம் என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது. விற்பவர் தம் பட்டறைக்காரரை அழைத்து வந்தார். வண்டியை ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்தவர் அவர். "வண்டி ஓடுமா?" என்று கேட்டோம். "நன்றாக ஓடும்" என்றார். அவரைவிட அதை அறிந்தவர் யார் என்று நிர்வாகத்தாரிடம் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

நான்காம் மாதம் பிள்ளைகளை ஏலகிரிக்கு அழைத்துச் சென்றோம். இறங்கும்போது, பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் பாதியைக்கூடக் கடந்திருக்க மாட்டோம், பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர் பள்ளத்துப் பக்கம் விடாமல் வண்டியை மலைச்சரிவில் மோதி நிறுத்தினார். அல்லாஹ் காப்பாற்றினான். ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இடக்கை முழங்கை முறிந்தது. பின்னர் வாணியம்பாடியிலிருந்து வந்த மெக்கானிக் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது, பிரேக் குழாய் துருவேறியிருந்தது. கசிந்த இடத்தில் ஓர் ஒட்டும் போடப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நம்மால் சொல்ல இயலவில்லை. ஓடுமா என்றுதான் கேட்டோம். நிற்குமா என்று கேட்கவில்லை.

முறிந்தது இந்த மாணவருடைய முழங்கைதான். இன்றுவரை அந்தக் கை முழுதாக நிமிராது. அவருடைய தாயார் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுவாரமே கட்டுப் போட்ட கையோடு பிள்ளையைப் பாடத்திற்கு அனுப்பிவிட்டார். ஏசியிருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

ஆகவே தொலைபேசியில் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, விற்பவருடைய ஆள் நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் உங்கள் ஆளைத் தேடுங்கள்."

அவர் உடனே இசைந்துவிடவில்லை. நண்பர்கள் அவசரப்படுகிறார்கள், வேறொருவர் வாங்கிவிடக் கூடும் என்றார். நம் ஊர் வழக்கத்தை எடுத்துரைத்தோம். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் வியாபாரம் செய்யும் ஒருவர் மண்டிக்குப் போகிறபோது தரம் பார்க்கும் ஆளைத் தம்முடனே அழைத்துச் செல்வார். மண்டிக்காரரின் ஆளிடம் கேட்கமாட்டார். உப்பிட்ட பச்சைத் தோலின்மேல் மயிர் இருக்கும். உண்ணி கடித்த வடு, அம்மைத் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திக்கீறல் எல்லாம் அதனடியில் ஒளிந்திருக்கும். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய பின்னரே பல குறைகள் தென்படும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். அனுபவம் உள்ள கையோ தோலைப் புரட்டித் தடவிப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடும். அந்தக் கைக்குத்தான் கூலி. வணிகர் ஒருவரின் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையை விட, விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் எல்லோரும் ஓதியிருக்கிறார்கள். மேலே காய்ந்திருந்ததை எல்லாரும் கண்டார்கள். உள்ளே கைவிட்டவருக்கே ஈரம் தெரிந்தது.

அதன்பின் அவர் தேடத் தொடங்கினார். மூன்று வாரங்கள் ஆயின. அவ்வப்போது நமக்குத் தெரிவித்து வந்தார். தெரியாத உலகம் ஒன்று நமக்கும் திறந்தது.

அமெரிக்காவில் விமான மெக்கானிக்குகளுக்கு அரசு உரிமம் உண்டு. விமான உடல், எந்திரம் இரண்டையும் பழுதுபார்க்க ஓர் உரிமம். வருடாந்தரச் சோதனைக்குக் கையெழுத்திட அதற்கும் மேலான அதிகாரம் வேண்டும். ஆனால் வாங்குமுன் செய்யும் சோதனைக்கு மட்டும் சட்டம் வரையறை எதையும் வகுக்கவில்லையாம். எதைப் பார்க்கவேண்டும் என வாங்குபவரும் மெக்கானிக்கும் பேசி எழுதிக்கொள்வதே அதன் எல்லை. ஓடுமா என்று கேட்டால் ஓடும் என்ற விடையோடு முடிந்துவிடும். இதைக் கேட்டபோது ஏலகிரி நம் கண்முன் வந்தது.

உரிமம் மட்டும் போதாது, அதே வகை விமானத்தில் பழகிய கை வேண்டும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். அந்த வகை விமானங்களை வைத்திருப்போர் தமக்கென அமைத்திருக்கும் சங்கத்தில் விசாரித்தார். ஓடுதளங்களில் பழகிய முதியவர்களைக் கேட்டார். ஒரே பெயரை இருவர் மூவர் சொல்கிறார்களா என்று பார்த்தார். முதலில் அணுகியவர், விற்பவருடைய மற்றொரு விமானத்தைத் தாம் பராமரிப்பதாகச் சொல்லித் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். முகமறியாத அந்த மனிதர்மீது நமக்கு மதிப்பு உண்டாயிற்று. இறுதியில் இரண்டு மணி நேரத் தொலைவில், பைப்பர் விமானங்களையே பெரும்பாலும் கவனிக்கும் ஒரு முதியவர் கிடைத்தார்.

அவர் விமானத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்கவில்லை, ஏடுகளைக் கேட்டார். ஒவ்வொரு விமானத்துக்கும் உடலுக்கொன்றும் எந்திரத்துக்கொன்றுமாகப் பதிவேடுகள் உண்டு. செய்த வேலை ஒவ்வொன்றும் தேதியோடும் கையெழுத்தோடும் அதில் ஏறும். ஹதீஸ் கலையில் நாம் இஸ்னாதைப் பார்ப்பது போல அந்த முதியவர் அவற்றைப் பார்த்தார் போலும். யாரிடமிருந்து யார், எந்த ஆண்டு, இடையில் சங்கிலி அறுந்துள்ளதா? அறுந்திருந்தது. விமானம் தன் இளமையில் ஒரு பயிற்சிப் பள்ளியில் உழைத்தது. அந்தக் காலத்து ஏடு ஒன்றைக் காணவில்லை.

இது ஏன் பெரிய செய்தி? 2018 ஏப்ரலில் புளோரிடாவின் டேடோனா பீச்சில், இதே குடும்பத்தைச் சேர்ந்த பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே பிரிந்து இருவர் உயிரிழந்தனர். இறக்கையைத் தாங்கும் உத்திரத்தில், ஆணித்துளை அருகே உலோகம் களைத்துக் கீறல் கண்டிருந்தது. மாணவர்கள் ஏறியிறங்கிப் பழகும் விமானத்தின் உலோகம் விரைவில் களைக்கும். அதன் விளைவாக 2021இல் நடைமுறைக்கு வந்த அரசாணை, நெடுநாள் கடுமையாக உழைத்தவற்றையும் ஏடு காணாமற்போனவற்றையும் ஆணியைக் கழற்றி 'எட்டி கரண்ட்' என்னும் மின்முறையால் சோதிக்கச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறலும் அதில் தெரியும். அந்தச் சோதனை நடந்ததாக எந்த ஏட்டிலும் இல்லை.

அடுத்தது எந்திரம். இடையில் மூன்று ஆண்டுகள் விமானம் பறக்காமல் நின்றிருந்ததை ஏடுகள் காட்டின. அதன் லைகாமிங் எந்திரத்தில் கேம் தண்டு மேற்புறம் அமைந்திருப்பதால், நின்றுவிட்டால் எண்ணெய் வடிந்து துருப்பிடிக்குமாம். அப்படித் துருப்பிடித்த எந்திரமும் ஒரு மணி நேரம் பறந்து காட்டும். நான்கு சிலிண்டர்களிலும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தார், குறையில்லை. எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்தார்; மடிப்புகளுக்கிடையே இரும்புத் துகள்கள் மின்னின. ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேம் தண்டைப் பார்க்க அனுமதி கேட்டார். விற்பவர் மறுத்துவிட்டார். குவியல் இருக்கிறது, மேலே காய்ந்திருக்கிறது, கைவிடுவதற்கு மட்டும் இடமில்லை.

"வாங்கட்டுமா, வேண்டாமா?" என்று நம் மாணவர் முதியவரிடம் கேட்டாராம். அதை நான் சொல்லமாட்டேன், கண்டதைச் சொல்லிவிட்டேன் என்றாராம். நம் நூல்களில் அஹ்லுல் கிப்ரா என்றொரு வகுப்பினர் வருவர். பொருளில் குறை உண்டா என்பதற்கு அந்தந்தத் தொழில் அறிந்தோரிடம் காளி கேட்டறிவார். அவர்கள் சாட்சியம் சொல்வார்கள், தீர்ப்பு அவர்களுடையதன்று. டெக்சாஸில் எண்ணெய் படிந்த கைகளோடு நின்ற அந்த மனிதர் நம் ஃபிக்ஹு நூல்களைக் கண்டிருக்கமாட்டார்.

வியாபாரம் முறிந்தது. சோதனைக் கூலி போனது. நண்பர்களில் ஒருவர், வாங்காத விமானத்துக்குச் செலவு செய்யவேண்டுமா என்று வருந்திப் பங்கிலிருந்து விலகினார். நம் மாணவரின் குரலிலும் ஒரு சலிப்பு இருந்தது. எங்கோ திண்ணையில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையின் ஆசையைக் கெடுத்துவிட்டோமோ என்று சில நாட்கள் நமக்கும் உறக்கம் சரியாக இல்லை.

இடையே படிப்பு வழியாக ஆறுதல் தேடினோம். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகளைப் பூண்டு பறந்ததையும், வால் இல்லாமையால் இறங்கும்போது முதுகில் அடிபட்டதையும் மக்கரீ எழுதியிருக்கிறார். அருகில் ஒருவர் நின்று, வால் எங்கே என்று கேட்டிருக்கலாம். 1903இல் ரைட் சகோதரர்களுக்கு அப்படியொருவர் வாய்த்தார். அவர்களது சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் ஏறக்குறைய ஆறு வாரங்களில் எந்திரத்தைச் செய்து கொடுத்தார். பறந்தவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். டெய்லரை நாமே இந்த வயதில்தான் அறிந்தோம். நம் நாட்டிலும், 1958இல் முதன்முதல் பறந்த பெங்களூர்த் தயாரிப்பான புஷ்பக் போன்ற துணி போர்த்திய சிறு விமானங்களைப் பறப்புக் கழகங்களில் நெடுங்காலம் பேணி வந்த பொறியாளர்களின் பெயர்களை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?

ஹஜ் பெருநாள் முடிந்த சில நாட்களில் மீண்டும் அழைப்பு வந்தது. இன்னொரு ஆர்ச்சர், விலை கூடுதல், ஏடுகள் முதல் நாளிலிருந்து முழுமை, எந்திரம் புதுக்கப்பட்டபோது கேம் தண்டும் மாற்றப்பட்டிருந்தது. விற்பவர், எதை வேண்டுமானாலும் கழற்றிப் பாருங்கள் என்றாராம். அதே முதியவர் இறக்கை ஆணிகளைக் கழற்றி, அந்த மின்சோதனைக்கென்றே பயின்றவரை வரவழைத்துச் சோதித்தார். கீறல் இல்லை. இருவருமாக வாங்கிவிட்டார்கள்.

அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். பறக்கும் படமாக இருக்கும் என்று நினைத்தோம். முதியவர் தரையில் மல்லாந்து கிடக்கிறார்; இறக்கையின் அடிப்புறத்துச் சிறு வாயில் வழியாக அவர் கை முழங்கைவரை உள்ளே போயிருக்கிறது.

மறுநாள் அஸருக்குப் பின் மாணவரின் இல்லத்துக்குச் சென்று, அவர் தாயாரிடம் காட்டும்படி பேரனிடம் படத்தைக் கொடுத்தோம். திரைக்கு அப்பாலிருந்து நெடுநேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், இந்தப் பெரியவர் விற்கிறவங்க ஆளா, நம்ம பிள்ளை கூட்டிட்டு வந்த ஆளா?"

"நம் பிள்ளை அழைத்து வந்தவர்" என்றோம்.

தேநீர் வந்தது.