எந்தப் பக்கத்து மினார்?

ஹைதராபாத்தின் சார்மினாருக்கு நான்கு முகம். நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். 1591-இல் கட்டியவர்கள் நான்கு திசைக்கும் ஒரே அளவில் வளைவு வைத்தார்கள். 1889-இல் கடிகாரம் பொருத்தியவர்களும் நான்கு பக்கமும் பொருத்தினார்கள். வடக்கே குல்சார் ஹவுஸ், மேற்கே வளையல் கடைகள் நிறைந்த லாட் பஜார், தென்மேற்கே மெக்கா மசூதி என்று சுற்றுப்புறம் கண்ணில் பட்டால்தான் எந்த முகத்தைப் பார்க்கிறோம் என்று சொல்ல முடியும். படம் எடுக்கும் நாமோ அந்தச் சுற்றுப்புறத்தை விலக்கத்தான் பாடுபடுகிறோம். மின்கம்பி, கடைப்பலகை, ஆட்டோ எல்லாம் வெளியே போகும்படி குனிந்து, வானத்தைப் பின்னால் வைத்து எடுக்கிறோம். படம் அழகாகிவிடுகிறது, திசை தொலைந்துவிடுகிறது. 2019 மே மாதம் அதன் நான்கு மினார்களில் ஒன்றிலிருந்து சுண்ணாம்புச் சுதை வேலைப்பாட்டின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. அப்படி ஒன்று நடக்கும்போது பழுதுபார்ப்பவருக்கு வேண்டியது அந்த மினாரின், அந்தப் பக்கத்தின், விழுவதற்குச் சற்று முன் எடுத்த படம். சார்மினார் படத்துக்கு உலகில் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தக் குவியலில் கைவிட்டு 'இது எந்தப் பக்கத்து மினார், எந்த மாதம்' என்று கேட்டால் பெரும்பாலான படங்கள் வாய் திறக்காது. ஓர் ஊரைக் கொண்டாட ஊரே கூடிப் படம் சேர்க்கும் வேலையில், எடுப்பது பாதித் தொழில்தான். படத்தின் கீழே எழுதும் குறிப்பு மறுபாதி. அந்த மறுபாதியே பெரியது என்பது என் வாதம்.

இந்த வேலை இன்று அதிகம் நடக்கும் இடம் விக்கிமீடியா பொதுவகம். யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம். பெரும்பாலான படங்களை, எடுத்தவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில், யாரும் பயன்படுத்தலாம். 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்' போட்டியில் 2012-இல் இந்தியாவும் சேர்ந்தது. அந்த ஆண்டு உலகெங்குமிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அதற்கு முன்பே தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011 நவம்பரில் தொடங்கி ஓர் ஊடகப் போட்டி நடத்தி, 15,000-க்கும் மேற்பட்ட கோப்புகளைச் சேர்த்துவிட்டார்கள். நினைவுச்சின்னம் என்று வரம்பு கட்டாமல் தமிழ் வாழ்வு முழுவதையும் பொருளாகக் கொண்ட போட்டி அது. இந்த வேறுபாடு முக்கியமானது. நினைவுச்சின்னப் போட்டி அரசின் பட்டியல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும். தமிழ்நாட்டில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. தெலங்கானாவில் பத்துக்கும் குறைவு. சார்மினாரும் கோல்கொண்டாக் கோட்டையும் அந்தச் சிறு பட்டியலில் உண்டு. கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் குதுப் ஷாஹி கல்லறைகள் மாநிலத் துறையின் பொறுப்பில் இருப்பவை. மத்தியப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால், எல்லாரும் ஏற்கெனவே எடுத்ததையே மறுபடி எடுத்து வருவோம். பழைய நகரத்துத் தேவடி மாளிகைகளின் வாசல்கள், மூசி ஆற்றங்கரையின் படித்துறைகள், இரானி தேநீர்க் கடைகளின் சலவைக்கல் மேசைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. எது என்று எழுதியும் வைக்க வேண்டும். பட்டியல் எண் இல்லாத பொருளுக்கு அந்தக் குறிப்பே முகவரி.

ஹைதராபாத்துக்கு இது புதிய பாடம் இல்லை. மீரட் அருகே சர்தானாவில் 1844-இல் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்து, ஆறாம் நிஜாமின் அரசவைப் படக்கலைஞராக உயர்ந்த ராஜா தீன் தயாள் 1880-களில் செகந்திராபாத்தில் நிலையம் திறந்தார். பொறியாளரின் ஒழுங்கு அவர் படங்களில் தெரிகிறது. பல படங்களின் அடியில் எண்ணும் தலைப்பும் உண்டு. 1989-இல் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவர் குடும்பத்திடமிருந்து 2,857 கண்ணாடித் தகடுகளை வாங்கியது. அந்தத் தகடுகளின் நேர்த்தியை எல்லாரும் புகழ்கிறார்கள், புகழத்தான் வேண்டும். ஆனால் ஒரு வரலாற்று ஆய்வாளர் அவற்றிலிருந்து ஒரு விருந்தையோ ஒரு மாளிகையையோ அடையாளம் காண முடிகிறதென்றால், அந்த எண்களுக்கும் தலைப்புகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. நூறாண்டு கழித்துக் கண்ணாடியில் இருக்கும் முகத்துக்குப் பெயர் கொடுக்க ஆள் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்து செய்த வேலை போலவே இருக்கிறது. இன்று நம் கைப்பேசி ஒவ்வொரு படத்துக்குள்ளும் நாள், நேரம், சில சமயம் அட்சரேகை தீர்க்கரேகை வரை தானாகவே எழுதிவிடுகிறது. நாமோ அதை வாட்ஸாப்பில் அனுப்பி, வழியிலேயே அத்தனையையும் உதிர்த்துவிடுகிறோம். மூலக் கோப்பை நேரே ஏற்றுங்கள் என்று படம் சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பொங்கியதில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டார்கள் என்பது கணக்கு. அதன் பிறகுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டு, உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய இரு நீர்த்தேக்கங்களையும் கட்டினார்கள். அந்த வெள்ளத்தின் படங்கள் சில இன்றும் புழங்குகின்றன. உடைந்த பாலம் எது, இடிந்த தெரு எது என்று தலைப்பில் இருக்கும் படத்தைக் கொண்டு ஆற்றின் அகலத்தை இன்றும் மதிப்பிடலாம். 2020 அக்டோபரில் நகரம் மீண்டும் மூழ்கியபோது ஆயிரக்கணக்கான கைகளில் கேமரா இருந்தது. ஆனால் இடமும் நேரமும் இல்லாத வெள்ளப் படம் துயரத்தை மட்டுமே சொல்லும். எந்தக் கதவின் எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்று சொல்லாது. ஏரிக்கரையில் வீடு கட்ட அனுமதி கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இந்த இரண்டாவதுதான். குதுப் ஷாஹி வளாகத்தின் படீ பாவ்லி என்ற படிக்கிணறு 2013 மழையில் ஒரு பக்கம் சரிந்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டு, கோல்கொண்டாப் படிக்கிணறுகளுக்கு 2022-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. சரிந்த சுவரை எழுப்பும் எந்தக் கொத்தனாருக்கும் கல் வரிசை எப்படி இருந்தது என்று காட்டும் சாதாரணப் படம், அந்தி வெயிலில் எடுத்த நூறு ஓவியத்தனமான படங்களைவிட உயர்ந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அழகுதானே ஆளை இழுக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எழுந்து, பெட்ரோல் செலவழித்து வருகிறவர் மகிழ்ச்சிக்காக வருகிறார். அவர் கையில் படிவத்தைத் திணித்தால் அடுத்த வாரம் வரமாட்டார். இதில் உண்மை இருக்கிறது. போட்டிக்குப் பரிசு அழகான படத்துக்குத்தான் போகிறது. நான் அறிந்த எந்த நடுவர் குழுவும் குறிப்புக்கு முதல் பரிசு கொடுத்துப் பார்த்ததில்லை. கொடுத்துப் பார்க்கலாம் என்பேன். படிவம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. எங்கே, எப்போது, எந்தத் திசை பார்த்து என்ற மூன்றே போதும்; முதல் இரண்டைக் கைப்பேசியே தந்துவிடும். மூன்றாவதை நின்ற இடத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்: 'லாட் பஜாரில் நின்று கிழக்கு நோக்கி'. இதை எழுதப் பழகியவர் எடுக்கும் படமும் மாறுகிறது. எங்கே நிற்கிறோம் என்று யோசிப்பவர் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றும் யோசிப்பார். சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கடைப்பலகை நுழைந்தால் இனி அதை விரட்டமாட்டார். ஒரே இடத்தைப் பலர் எடுப்பதும் அப்போது வீண் இல்லை. நாளும் திசையும் உள்ள நூறாவது சார்மினார் படம், தொண்ணூற்றொன்பதாவதற்குப் பிறகு என்ன மாறியது என்று காட்டும்.

இன்னொரு மறுப்பு புதியது. இடத்தை இயந்திரமே கண்டுபிடித்துவிடாதா? சார்மினாரைக் கண்டுபிடிக்கும், அதற்குத்தான் லட்சம் படம் பார்த்திருக்கிறதே. ஷா அலி பண்டா பகுதியின் ஏதோ ஒரு சந்தில் இருக்கும் மரக்கதவை எதைக் கொண்டு கண்டுபிடிக்கும்? அதற்கு முன்னால் யாராவது ஒரு மனிதர் அந்தக் கதவை எடுத்துப் பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். இயந்திரம் வந்ததால் குறிப்பின் தேவை குறையவில்லை, ஏறியிருக்கிறது. 2025-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மரங்களை வெட்டியபோது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு வேலையை நிறுத்தியது. அந்தச் சர்ச்சையின்போது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களும் பரவுகின்றன என்று மாநில அரசு குற்றஞ்சாட்டியது. வழக்கின் நியாயம் எந்தப் பக்கம் என்பது வேறு பேச்சு. படத்தொழிலில் இருப்பவர்களை இது வேறொரு விதத்தில் தொடுகிறது: போலிப் படம் ஒன்று கலந்தாலும், பக்கத்தில் இருக்கும் உண்மைப் படத்தின் மதிப்பும் சரிந்துவிடுகிறது. அப்போது உண்மைப் படத்துக்குச் சாட்சியாக நிற்பது மூலக் கோப்பும், நாளும், நின்ற இடமும், அதே இடத்தை வேறொருவர் வேறொரு நாளில் எடுத்த படமும்தான். 250 கோடி ஆண்டுப் பழமை கொண்ட இந்நகரப் பாறைகளைக் காக்க 1996 முதல் ஒரு சங்கம் போராடி வருகிறது. காளான் பாறை, கரடி மூக்குப் பாறை என்று அவற்றுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. பெயரும் இடமும் இருந்தால்தான் ஒரு பாறை காணாமல் போனதை நிரூபிக்க முடியும்.

மூன்றாவது மறுப்புக்கு நான் பாதி இணங்குகிறேன். இடத்தைத் துல்லியமாக எழுதுவது சிலருக்குத் தீங்காகலாம். ஆந்தைக் கூட்டின் இடம், தனியாக வாழும் ஒருவரின் வீட்டு வாசல், தெலங்கானாவின் பூத் திருவிழாவான பதுக்கம்மாவில் ஆடும் பெண்களின் முகம் ஆகியவற்றுக்கு வேறு நியதி வேண்டும். தீன் தயாள் இதற்கும் ஒரு வழி கண்டிருந்தார். பர்தா முறையில் இருந்த பெண்களுக்காக 1892-இல் தனியாக ஜெனானா நிலையம் திறந்து, அதன் பொறுப்பை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார். படம் எடுப்பவர் யார், யார் பார்ப்பார்கள் என்று தீர்மானித்த பிறகே கேமரா திறந்தது. பொதுவகத்தில் ஏற்றினால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதைப் படத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு எடுப்பது, நம் காலத்தில் அதற்கு ஈடான ஏற்பாடு. சட்டமும் ஓர் எல்லை போடுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கட்டடத்தையும் பொது இடத்துச் சிலையையும் படமெடுத்துப் பகிரலாம். சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஹைதராபாத்தின் மக்தா பகுதியில் உள்ள வண்ணச் சுவர்களை ஆசையாக எடுத்து ஏற்றுபவர்கள், படம் நீக்கப்பட்ட பிறகு இதை அறிய நேரலாம்.

குறிப்பில் மொழியும் உண்டு. பதுக்கம்மாவில் அடுக்கும் தங்கேடுப் பூ நமக்கு ஆவாரம்பூ. குனுகுப் பூ நமக்குப் பண்ணைக்கீரைப் பூ. ஆங்கிலத்தில் 'மஞ்சள் பூக்கள்' என்று மட்டும் எழுதிய படத்தைத் தெலுங்கில் தேடுபவரும் கண்டடைய மாட்டார், தமிழில் தேடுபவரும் கண்டடைய மாட்டார். 2019 முதல் பொதுவகத்தில் ஒரே படத்துக்குப் பல மொழிகளில் தலைப்பு எழுதலாம். தெலுங்கும் உருதும் தெரிந்தவர்கள் இந்நகரில் ஏராளம். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் உண்டு. ஒரு படத்தை எடுக்கச் சார்மினார் வரை போக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் படத்துக்குத் தமிழில் ஒரு வரி சேர்க்க வீட்டுத் திண்ணையே போதும். 'லாட் பஜார்ப் பக்கத்து மேற்கு முகம், காலை வெளிச்சம் பின்னாலிருந்து' என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போகலாம்.