சாப்பிட்டாச்சா தோழர்?

தில்லியின் தென்பகுதியில், ஒரு பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் பீகாரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் தேநீர்க்கடை நடத்துகிறார். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே தமிழ் கேட்கும். ஆய்வு மாணவர்கள் ஆறு பேர். திருநெல்வேலிக்காரர் இயற்பியல், தருமபுரிப் பெண் மொழியியல், கடலூர்க்காரர் வரலாறு, அறுவரில் மூத்தவர், ஆகவே எல்லோருக்கும் அண்ணன். நாகர்கோவில், திருச்சி, சென்னை என்று மற்ற மூவர். முதியவருக்கு இவர்களுடைய பெயர்கள் தெரியா. ஆண்கள் எல்லோரும் அவருக்கு ‘அண்ணா’, பெண்கள் ‘தீதி’. இயற்பியல்காரர் மட்டும் உயரத்தின் காரணமாக ‘லம்பூ’.

இவர்களின் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. முதல் அரைமணி நேரம் எதுவும் பேசப்படாது. அதாவது, பேச்சு நடக்கும், பொருள் இருக்காது. “சாப்பிட்டாச்சா தோழர்?” (தில்லிக்கு வந்த தமிழ் மாணவர், எந்தக் கட்சியினராயினும், ஆறு மாதத்தில் தோழராகிவிடுவார்.) “ஆச்சு, அதே ராஜ்மாதான்.” “ஊர்ல மழையாமே?” “எங்க ஊர்ல இல்ல, தென்காசிப் பக்கம்.” “கைடு என்ன சொல்றார்?” “என்ன சொல்வார்.” இப்படியே ஒரு தேநீர் முடியும். பக்கத்துப் பெஞ்சில் இந்திக்காரர்களும் இதையேதான் செய்துகொண்டிருப்பர். அவர்களுக்கு ‘அவுர் பதாவோ’ என்ற ஒரு தொடர் போதும். ‘வேறென்ன, சொல்’ என்று பொருள். இத்தனைக்கும் அதற்குமுன் எதுவும் சொல்லப்பட்டிருக்காது.

“சாப்பிட்டாச்சா?” என்பது எவ்வகை வினா? நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. கேட்பவர்க்கு விடை முன்பே தெரியாது. எனவே அறிவினா அன்று. தெரிந்துகொள்ள வேண்டுமென்ற விருப்பமும் இல்லை. எனவே அறியாவினா என்றும் சொல்வதற்கில்லை. கடைக்காரரிடம் சரக்குக் கேட்பதும் இல்லாதவர்க்குக் கொடுக்க முன்வருவதும் இங்கே இல்லை. நெருங்கி வருவது ஏவல்வினா. ‘உண்டாயா?’ என்று தாய் கேட்கும்போது அதற்குள் ‘உண்’ என்னும் ஏவல் இருக்கிறது. ஆனால் விடுதியின் உணவுக்கூடம் மூடி ஒருமணி நேரம் ஆனபின், நடுத்தெருவில் நின்றுகொண்டு, யார் யாரை ஏவ முடியும்? தொல்காப்பிய உரைகளில் சாத்தன் என்றொருவன் வருவான். உண்டாயா என்று கேட்டால், உண்ணாமல் இருப்பேனா என்று திருப்பிக் கேட்பான். வினாவுக்கு வினாவே விடையாகும் என்பதற்கு அவன் சான்று. உரையாசிரியர்களுக்கு வேறெத்தனையோ எடுத்துக்காட்டுகள் கிடைத்திருக்கும். கைக்கு வந்தது சாப்பாடுதான்.

டிரோபிரியாண்ட் தீவுகளில் முதல் உலகப்போர்க் காலத்தில் தங்கி ஆய்ந்த மாலினோவ்ஸ்கி, 1923இல் ஆக்டனும் ரிச்சர்ட்ஸும் எழுதிய நூலின் பின்னிணைப்பாக ஒரு கட்டுரை எழுதினார். செய்தி சொல்வதற்காகவன்றி, உறவைக் கட்டுவதற்காகவே நிகழும் பேச்சுக்கு அதில் ஒரு பெயர் கொடுத்தார். எங்கிருந்து வருகிறாய் என்று தீவுக்காரர் கேட்பதும், இன்று நல்ல வெயில் என்று ஆங்கிலேயர் சொல்வதும் அவருக்கு ஒன்றே. இருவர் எதிரெதிரே வாய்மூடி நிற்கும்போது எழும் அச்சத்தை அவை விலக்குகின்றன என்றார். மொழியியல் வகுப்பில் இது பெரும்பாலும் ஒரு மணி நேரப் பாடம். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள்; எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

மறப்பதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. வாதத்துக்கு இந்நாட்டில் கிடைத்த மதிப்பு அரட்டைக்குக் கிடைத்ததில்லை. மணிமேகலையில் சமயவாதிகள் ஏறுவதற்குப் பட்டிமண்டபம் இருந்தது. நியாய சூத்திரம் வாதத்தை மூன்றாக வகுத்தது: உண்மையை நாடும் வாதம், வெற்றியை நாடும் ஜல்பம், தனக்கென ஒரு கொள்கையும் இல்லாமல் எதிராளியை உடைப்பது மட்டுமே நோக்கமான விதண்டை. அமர்த்தியா சென் இந்தியர்களின் வாதமரபைப் பற்றி 2005இல் ஒரு நூலே வெளியிட்டார். அரட்டைக்கு என்ன இருக்கிறது? வெட்டிப்பேச்சு, வீண்பேச்சு, வம்பு, ஊர்க்கதை என்று வசைப்பெயர்கள் இருக்கின்றன.

தேநீர்க்கடையிலும் இதுவே மனநிலை. முதல் அரைமணி நேரத்தை ஆறு பேரும் பொறுத்துக்கொள்வர். இரண்டாவது தேநீருக்காகத்தான் வருகிறோம் என்பது அவர்கள் எண்ணம். இரண்டாவது தேநீரில் கீழடி வரும், இடஒதுக்கீடு வரும், இளையராஜா வருவார். குரல் உயரும். முதியவர் இஞ்சி நசுக்குவதை நிறுத்திவிட்டு, மொழி புரியாமலே ரசிப்பார்.

ஆகஸ்டில், மழை விட்டிருந்த ஓர் இரவில், ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம்முடைய ‘காசு’தான் என்றார் இயற்பியல்காரர். மொழியியல் மாணவி மறுத்தார். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் உள்ளன என்றார். ரொக்கம் என்று பொருள்படும் சொல், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியே, பெட்டி என்னும் பொருளுடைய ‘காப்சா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயத்தை ஐரோப்பிய வணிகர் ‘கேஷ்’ என்று அழைத்தனரே, அது வேறு சொல். அது போர்த்துக்கீசியர் வாய்வழியே சென்ற நம் காசு. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

இவ்வளவும் அவர் சொன்னார். ஆனால் ‘வேறு’ என்ற சொல்லுக்கு அப்பால் யாரும் கேட்கவில்லை. அதுவரை அது வாதம். மூன்றாவது தேநீர் வந்தபோது ஜல்பமாகியிருந்தது. கட்டுமரம் போகவில்லையா, மிளகுத்தண்ணீர் போகவில்லையா என்று இயற்பியல்காரர் அடுக்கினார். போயின, யார் இல்லை என்றது என்றார் மாணவி. அதற்கு மேல் விதண்டைதான்.

“தமிழுக்குப் பெருமைன்னா சில பேருக்கு ஏன்தான் எரியுதோ!”

“பெருமைக்குப் பொய் தேவையில்ல தோழர். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு விஷயம் தெரியல. அவ்வளவுதான்.”

இயற்பியல்காரர் பாதித் தேநீரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மாணவிக்குத் தம் பக்கம் உண்மை இருந்தது. எரியுது என்ற சொல் சுட்டுக்கொண்டும் இருந்தது. தமிழின் ஒலிகளை ஆராய்வதற்கென்றே வீட்டை எதிர்த்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தவரைத் தமிழ்ப் பகை என்றால் எப்படி இருக்கும்? மூன்று நாள் கழித்து, துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. சொல்லிக்கொடுத்தவர். ஊர்ப் பள்ளியின் தமிழாசிரியர். நுழைவுத்தேர்வுக்குப் பணம் கட்டியவரும், தில்லிக்கு வண்டியேற்ற நெல்லைச் சந்திப்பு வரைக்கும் வந்தவரும் அவர்தான். இதை இயற்பியல்காரர் ஒருமுறை அன்று, பத்து முறை சொல்லியிருக்கிறார். எல்லாம் முதல் தேநீரில். “எங்க சார் போன் பண்ணார்”, “எங்க சாருக்குக் கண் ஆபரேஷன்.” மழை, ராஜ்மா ஆகியவற்றோடு அதுவும் காதைக் கடந்து போயிருந்தது. சொல்லின் வரலாற்றைத் தேடத் தெரிந்தவருக்குச் சொன்னவரின் வரலாறு பக்கத்திலேயே கிடந்தும் எட்டவில்லை.

நினைவு வந்ததே தவிர, போய்ப் பேசவில்லை. என்னவென்று தொடங்குவது? மன்னிப்புக் கேட்டால் ‘காப்சா’வை விட்டுக்கொடுத்ததாகும். அண்ணன் இருவரிடமும் தனித்தனியே பேசிப் பார்த்தார். இருவரும் வாதத்தையே மறுபடி அவரிடம் நடத்திக் காட்டினர். பிறகு நேரங்கள் மாறின. இயற்பியல்காரர் வருவதை நிறுத்தினார். அவருடைய ஊர்க்காரர் போலப் பழகிய நாகர்கோவில் பெண்ணும் குறைத்துக்கொண்டார். எஞ்சியவர்கள் வந்தனர், ஆனால் நேரே அரசியலுக்குப் போயினர், எழுந்தனர். சாப்பிட்டாச்சா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கேள்வி, வராதவரைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் இறுதியில் ஒருநாள் முதியவரே கேட்டார்: லம்பூ எங்கே? சண்டை அவருக்குத் தெரியும். அதற்குப் பின்னும் லம்பூ தனியே, காலை ஏழு மணிக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டுதான் இருந்தாராம். நான்கு நாளாகக் காணோம். கடைசியாக வந்த அன்று பிரெட் பக்கோடாவைத் தொடவில்லையாம். வாய் கசக்கிறது என்றாராம்.

மழைக்காலம் முடியும் தில்லியில் வாய் கசக்கிறது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனும் சென்னைக்காரரும் விடுதிக்கு ஓடினர். கதவு தாழிடப்படவில்லை. அறைத்தோழர் ஊருக்குப் போயிருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது; ஆனால் எழுந்து உட்கார முடியவில்லை, ஈறில் இரத்தம் இருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள் என்பது அறிவியல் படித்த அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தேறிவிட்டதாக எண்ணி, தண்ணீர்கூடக் குடிக்காமல் உறங்கியிருக்கிறார். அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கைக்கு இருவராகக் கிடந்தனர். நள்ளிரவில் சேர்த்து, இரண்டாம் நாள் பிற்பகலில் மருத்துவர் இனிப் பயமில்லை என்றார்.

நான்கு நாள், நடந்தால் ஏழு நிமிடத் தொலைவில். ஐந்து பேரிடமும் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. இதைப் பற்றி அவர்கள் பின்னர் தங்களுக்குள் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் மாணவி போனார். கையில் அரிசிக் கஞ்சி; தருமபுரி முறைப்படி கேழ்வரகுக் கூழ் காய்ச்சத்தான் விரும்பினார், மாவு கிடைக்கவில்லை. கட்டிலருகே ஏற்கெனவே நால்வரும் நின்றிருந்தனர். சிறிது நேரம், மாலினோவ்ஸ்கி சொன்ன அந்த மௌனம்.

“சாப்ட்டீங்களா?” என்றார் மாணவி.

“சாப்பிடாம இருப்பேனா?” என்றார் இயற்பியல்காரர். சாத்தனை அவர் படித்ததில்லை.

அதன்பின் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாத பேச்சு. மின்விசிறி சுற்றுகிறதா, பக்கத்தில் படுத்திருப்பவர் எந்த ஊர், சாருக்குத் தகவல் சொல்லியாயிற்றா. சார் கண் ஆபரேஷன் எப்படி இருக்கிறது என்று மாணவி கேட்டார். ஒரு கண் முடிந்தது, மற்றது தை மாதம் என்றார் அவர். பிறகு திருச்சிக்காரர் பையிலிருந்து பப்பாளி இலைச்சாற்றை எடுத்தார். அது தட்டணுக்களை ஏற்றும் என்றார். நிரூபணம் எங்கே என்றார் சென்னைக்காரர். நிலவேம்புக் குடிநீரைத் தமிழ்நாடு அரசே கொடுக்கவில்லையா என்றார் நாகர்கோவில் பெண். அரசு கொடுத்தால் அறிவியலாகிவிடுமா என்றார் அண்ணன். பக்கத்து நோயாளி, மொழி புரியாமல், முகம் முகமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல்கள் உயர்ந்த நேரத்தில், இயற்பியல்காரர் தலையணையிலிருந்து மாணவியின் பக்கம் திரும்பினார்.

“அந்தச் சீனாக்காரன் நாணயம், கேஷ்... அது நம்ம காசுதானே?”

“அதுல சந்தேகமே இல்ல தோழர். அன்னைக்கே சொன்னேன்.”

“எப்ப சொன்னீங்க?”

செவிலியர் வந்து, நோயாளியோடு ஒருவர் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் வெளியே போங்கள் என்று இந்தியில் அதட்டினார். யார் இருப்பது என்பதில் ஐவருக்கும் கருத்து வேறுபாடு.