பிரிவும் ஒரு மோட்டார் வண்டியும்

மணம் புரிந்தோர் பிரியுங்கால் அவர்தம் பொருளைப் பங்கிடச் சட்டம் முன்வருகிறது. மணமின்றி ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தோர் பிரியுங்கால் முன்வருவார் யார்? இவ்வினாவை எழுப்பிய மாத்திரத்தில், "அவ்வாறு வாழ்ந்தார்க்கு நீதி எதற்கு?" என முகந்திருப்புவோர் நம்மிடையே உளர். ஒருவர் வாழும் முறை நமக்கு ஒவ்வாததனால் அவர் உழைத்து ஈட்டிய பொருள் அவருடையதன்று என்றாகிவிடுமோ?

சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனம், தன் 112-ஆம் பிரிவினால், மணவிலக்கின்போது குடும்பச் சொத்தை நியாயமாகப் பங்கிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. பொருளீட்டியதோடு இல்லம் பேணியதையும் அது கணக்கிற் கொள்ளும். மணமில்லாதார்க்கு அவ்வாயில் திறவாது. பொதுவான சொத்துச் சட்டமே அவர்க்குரியது. அங்கு, விலையில் யார் எவ்வளவு கொடுத்தார், எக்கருத்துடன் கொடுத்தார் என்பனவே ஆராயப்படும்.

என் நண்பரின் மகளும், அவளோடு நான்காண்டு வாழ்ந்த இளைஞரும் சென்ற ஆண்டு பிரிந்தனர். இருவர்க்கும் பொதுவாயிருந்த பெரும்பொருள் ஒரு கார். முன்பணம் 40,000 வெள்ளி அவள் கொடுத்தது. மாதம் 1,000 வெள்ளியாக 40 மாதத் தவணை அவர் கட்டியது. பதிவு அவர் பெயரில் இருந்தது. கடனுக்குப் பிணை நின்றவள் அவள். "என் பெயரிலுள்ள வண்டி என்னுடையது" என்றார் அவர். "என் முன்பணமின்றி வண்டி ஏது?" என்றாள் அவள். தவணைக் கொள்முதலில் கடன் தீருமட்டும் வண்டி நிதி நிறுவனத்தினுடையது என்பதை இருவருமே மறந்தனர்.

இந்நாட்டிற் கார் நாளுக்கு நாள் தேயும் பொருள். 1990-இல் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில், ஒரு சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. மனத்துயர் ஆறும்வரை அது காத்திராது. இருவரும் வாய் பேசாதிருந்த ஐந்து மாதங்களில் வணிகர் கூறிய விலை 5,000 வெள்ளி குறைந்துபோயிற்று. அவ்விழப்பு இருவரையும் சார்ந்தது.

இறுதியில், "நீங்களே தீர்த்துவையுங்கள், மாமா" என்று வந்தனர். விற்றால் கிடைப்பது 64,000 வெள்ளி; தீராத கடன் 40,000; எஞ்சுவது 24,000. இருவர் கொடையும் ஒத்திருந்தமையால் ஆளுக்கு 12,000 என்பது எளிய கணக்கு. ஆயின், அந்நாற்பது மாதமும் வீட்டு வாடகையின் பெரும்பகுதியை அவளே செலுத்தினாள். அவர் சம்பளம் தவணைக்குச் செல்ல முடிந்தது அதனாலன்றோ? வாடகைச் சீட்டில் காரின் பெயர் இல்லை. ஆயினும் காரின் விலையில் அவ்வாடகை ஒளிந்திருந்தது. இதனை எடுத்துரைத்தேன். அவர் சற்றுநேரம் தரையை நோக்கியிருந்தார். பின், "மெய்தான்" என்றார். வண்டியை அவரே வைத்துக்கொண்டு அவளுக்கு 14,000 வெள்ளி கொடுப்பதென முடிவாயிற்று. பிரிந்தார்கள் என்பதற்காகப் பிணை நின்றாரை நிதி நிறுவனம் விடுவித்துவிடாது. ஆகவே, அவர் வேறு கடன் பெற்றுப் பழங்கடனை அடைத்து அவளை விடுவிக்க வேண்டுமென்றும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டனர்.

வாசகர்காள், ஒன்றாய் வாழ்வோர் பொருள் வாங்குங்கால் யார் எவ்வளவு கொடுத்தார், பிரிய நேரின் யார் எதை ஏற்பார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்க. "அன்புள்ள இடத்திற் கணக்கு எதற்கு?" என்பர் சிலர். அன்புள்ள காலத்தில் எழுதுங் கணக்கே நேர்மையாக அமையும்; சினம் புகுந்தபின் எழுதுவது வழக்காக முடியும். தம் பெயரில் எதுவுமின்றி வாடகையும் அரிசியும் மருந்தும் வாங்கிக் கொடுத்தவர் வெறுங்கையோடு வாயிலைக் கடவாதிருக்க அத்தாள் ஒன்றே காவல்.