டாக்டர் எழுதிய கடிதங்கள்

காஞ்சனபுரி, தாய்லாந்து

அன்புள்ள நண்பா,

இங்கே வந்ததிலிருந்து வாய்க்கு ஒரு நல்ல தே தாரேக், நம் மலேசியாவின் நுரை பொங்கும் பால் தேநீர், கிடைக்கவில்லை. கேட்டால் ஐஸ் போட்டு, ஆரஞ்சு நிறத்தில், தாங்க முடியாத இனிப்பில் கொடுக்கிறார்கள். ஊரில் இருந்தால் இந்நேரம் நீயும் நானும் வழக்கமான கடையில் உட்கார்ந்திருப்போம். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியதை எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இன்று கோன்யு மலைவெட்டுக்குப் போனேன். 'ஹெல்ஃபயர் பாஸ்' என்று வெள்ளைக்காரர்கள் சொல்லும் இடம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் இங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதையின் 415 கிலோமீட்டரில் மனிதர்களை அதிகமாக வதைத்த இடங்களில் ஒன்று. 1943இல் போர்க்கைதிகளையும் கூலிகளையும் சுத்தியலும் துளைக்கம்பியும் வெடியும் கொண்டு, இரவில் மூங்கில் தீயின் வெளிச்சத்தில் பாறையைக் குடைய வைத்திருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சுவர்போல் மலை. பாறைக்குள் முறிந்துபோன துளைக்கம்பி ஒன்று இன்னும் சிக்கிக் கிடக்கிறது.

அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓர் ஆஸ்திரேலிய அம்மாள் நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். தன் அப்பா போர்க்கைதியாக இங்கே வேலை செய்தவர் என்று அவராகவே சொன்னார். நிழல் பார்த்து உட்கார்ந்தோம். பிறகு நான் மலையைப் பார்க்கவே இல்லை, அவர் பேசியதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா உயிரோடு ஊர் திரும்பினாராம். ஆனால் மலேரியாக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. வயிறு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. நடுராத்திரியில் எழுந்து கத்துவார். பென்ஷன் கேட்டு எழுதினால், இந்த நோய்க்கும் போருக்கும் சம்பந்தமில்லை என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அப்போது அம்மா அவரை மெல்பர்னில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். சிறுமியான இவரும் கூடப் போனார். டாக்டர் வர வெகுநேரம் ஆனது. ஆறடிக்கும் மேல் உயரமான ஒருவர் உள்ளே வந்து, கூட்டத்தில் தன் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்ததை மட்டும் இவர் மறக்கவில்லை. டாக்டர் காசு வாங்கவில்லை. பென்ஷன் அலுவலகத்துக்குத் தானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பென்ஷன் வந்தது.

அந்த டாக்டர்தான் எட்வர்ட் டன்லப். 'வியரி' டன்லப் என்றால் அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. 1907இல் பிறந்தவர். ஜாவாவில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, 1943 தொடக்கத்தில் தன் ஆட்களோடு இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்ட ராணுவ அறுவை மருத்துவர். கண்ணும் கைகளும் போன பில் கிரிஃபித்ஸ் என்ற கைதியைக் குத்திக் கொல்ல வந்த துப்பாக்கிக் கத்திமுனைக்கு முன்னால் போய் நின்றவர். நோயாளிகளை வேலைக்கு அனுப்ப மறுத்து அடி வாங்கியவர். அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பங்கை வசூலித்து, எல்லாருக்குமாகச் சாப்பாடும் மருந்தும் வாங்கியவர். ஒளித்து ஒளித்து எழுதிய நாட்குறிப்பு 1986இல்தான் புத்தகமாக வந்தது.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் இந்தக் கதைகள்தான் முன்னால் நிற்கின்றன. எனக்கோ அந்த அம்மாள் சொன்ன கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது. கத்திமுனைக்கு முன்னால் துணிந்து நிற்பது ஒரு கணம். போர் முடிந்து நாற்பத்தெட்டு வருஷம், 1993இல் கண் மூடும்வரை, இருமிக்கொண்டு வந்தவனையும் குடித்துவிட்டு வந்தவனையும் 'இவன் என் ஆள்' என்று உட்கார வைத்துப் பார்ப்பதற்கு வேறு வகை நெஞ்சு வேண்டும். ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும், புற்றுநோய்த் தடுப்பு வேலைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார். 1969இல் வியட்நாமில் ஆஸ்திரேலிய மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இந்த ஊர் வியாபாரி பூன்போங் உயிரைப் பணயம் வைத்து முகாமுக்கு மருந்து கடத்திக் கொடுத்தாரே, அவர் பெயரையும் டன்லப் பெயரையும் சேர்த்து ஒரு உதவித்திட்டம் இருக்கிறது. தாய்லாந்து அறுவை மருத்துவர்கள் அதில் ஆஸ்திரேலியா போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். நன்றிக்கடன் என்றால் இப்படித்தான் தீர்க்க வேண்டும்.

டன்லப் ஜப்பானியர்களையும் மன்னித்துவிட்டார். அதை மட்டும் தன் அப்பா கடைசிவரை ஏற்கவில்லை என்றார் அந்த அம்மாள். எனக்கும் முழுதாக மனம் ஒப்பவில்லை. ஆனால் மன்னிக்கும் உரிமை அடிபட்டவனுக்குத்தான் உண்டு, அவர் அடிபட்டவர்.

மெல்பர்னில் அவருடைய இறுதி ஊர்வலத்துக்குத் தெருவெங்கும் ஜனம் நின்றதாம். அடுத்த வருஷம் ஏப்ரல் 25ஆம் தேதி, ஆஸ்திரேலியர்கள் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்சாக் நாளன்று, அஸ்தியில் ஒரு பகுதியை இந்த மலைப்பக்கம் கொண்டுவந்தார்கள்.

பிறகு அந்த அம்மாள் என்னைக் கேட்டார், உங்கள் ஆட்கள் எந்த முகாமில் இருந்தார்கள் என்று. அவருக்குத் தன் அப்பாவின் முகாம், படைப்பிரிவு, விடுதலையான மாதம் எல்லாம் மனப்பாடம். என் நண்பனுடைய தாத்தா மலாயாவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர், திரும்பவில்லை என்று சொன்னேன். பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன் பாட்டி 'சயாமுக்குப் போனவர்' என்றுதானே சொல்வார்!

இந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் 200,000க்கும் அதிகம். அவர்களில் 90,000 பேர்வரை செத்திருக்கலாம் என்கிறார்கள், அந்தத் தொகையில் நம் தோட்டத்து ஜனம் எத்தனை ஆயிரமோ. காலரா வந்தபோது அவர்களுடைய முகாம்களில் ஒழுங்கான கக்கூஸ்கூட இல்லை. இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கற்கள், வரிசை வரிசையாக, புல்லைச் சீராக வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்ததில் எனக்குக் குறை இல்லை. நம்மவர்களைத்தான் பெயர் பெயராகக் கூப்பிட ஆளில்லை. திரும்பி வந்தவர்கள் நேரே பால்மரம் வெட்டப் போனார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்து இருமிய கிழவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! கிராணிக்கும் துரைக்கும் அவர்கள் சார்பில் ஒரு கடிதம் எழுத எந்த டாக்டரும் இருக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தபோது இதை நினைத்துத்தான் தொண்டை அடைத்தது.

கல்லறைத் தோட்டத்தின் பக்கத்தில் ரயில்பாதை ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. தேடி வருகிற குடும்பங்களுக்கு விவரம் பார்த்துச் சொல்கிறார்கள். கிடைக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் கேட்டுப் பார்ப்பேன். உன் அம்மாவிடம் இன்றே உட்கார்ந்து விசாரி: தாத்தாவின் முழுப்பெயர், அவருடைய அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணியின் ஆள், கூடப் போனவர்கள் யார். சரியாகத் தெரியாவிட்டால் பெரியம்மாவுக்குப் போன் போடு. நான் இங்கிருந்து கிளம்புவதற்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்