பங்கீடு

கூத்தில் இன்னாருக்கு இன்ன வேடம் என வகுப்பவர் அண்ணாவியார். ஆடுவோனின் குரலையும் உடல்வாகையும் தாளக்கட்டு உணர்வையும் கண்டு அவர் சட்டம் கொடுக்கின்றார். ஊர் அதனை ஏற்றுக்கொள்கின்றது. முள்ளியவளைப் பகுதியிற் கோவலன் கூத்து ஆடியோராயினும் மட்டக்களப்பில் வடமோடி ஆடியோராயினும் தத்தம் வேடத்தோடு ஊரின் பெயரையும் சேர்த்தே சுமந்தனர். ஓர் ஊரின் கோவலனை அடுத்த ஊரார் கேட்டு வாங்கிக்கொள்வது பொதுவான வழக்கமன்று. ஆனால், ஆடுவோரையே இரு அரங்குகளுக்கிடையே பங்கிட்டு, அப்பங்கீட்டையும் ஒரு காட்சியாக்கிக் காசு பார்க்கும் கலையொன்று உண்டு. அதுவே அமெரிக்கத் தொழின்முறை மற்போர்.

இத்தகைய பொருளுக்குப் பல்கலைக்கழக இதழில் இடமுண்டோ எனப் புருவம் நெரிப்போர் இருக்கலாம். பிரெஞ்சு அறிஞர் றோலண் பார்த் 1957இல் வெளியிட்ட தமது நூலின் முதற் கட்டுரையையே மற்போருக்கு ஒதுக்கினார். மற்போர் விளையாட்டன்று, காட்சியே. வெற்றி முன்னரே முடிவு செய்யப்பட்டதா என்பது பார்வையாளனுக்கு ஒரு பொருட்டன்று என்பது அவர் கருத்து. கிளிநொச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த சிறுவர் இருவர் இக்கருத்தை அறிந்திலர், அறிந்திருப்பினும் உடன்பட்டிருக்கமாட்டார்.

அவ்விருவரும் உடன்பிறந்தாரல்லர், அவர்களின் தாய்மார் சகோதரிகள். 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வோடு இரு குடும்பங்களும் வன்னிக்கு வந்து ஒரே கூரையின்கீழ் ஒதுங்கின. ஒரே உலை, ஒரே பாய், ஒரே சைக்கிள். பள்ளிக்கூடத்தில் எவரேனும் வினவின், இளையவன் மூத்தவனை "என்ர அண்ணை" என்றே கூறுவான். பதிவேட்டில் மாத்திரமே அவர்கள் இரு குடும்பத்தினர். பதிவேட்டை அந்நாளில் எவரும் பெரிதாக எண்ணவில்லை.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. வவுனியாவிலிருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து வந்த மாமன் ஒருவர் சவர்க்காரம், பற்றரி, பிஸ்கற் முதலியவற்றோடு மற்போர் வீரரின் படம் அச்சிட்ட காட் கட்டொன்றையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு காட்டிலும் வீரனின் உயரம், நிறை, மார்பளவு, பொருதிய போர்கள், வென்ற போர்கள் ஆகியன இலக்கங்களாகக் காணப்பட்டன. ஒருவன் ஓர் இலக்கத்தைக் கூற, கூடிய இலக்கம் உடையவன் மற்றவனின் காட்டை வெல்வான். வீதியோரக் கடையொன்றில் ஜெனரேற்றர் ஓடும் இரவுகளில் வீடியோப் படமாக மற்போரையும் பார்க்கலாயிற்று.

இவ்விடத்தில் ஒரு காலப் பொருத்தத்தைக் குறிப்பிடல் வேண்டும். மூடியிருந்த ஒரு வீதி திறப்பதற்குச் சில நாள்களின் முன்னர், மார்ச் 25ஆந் திகதி, அமெரிக்காவில் ஒன்றாயிருந்த ஓர் அரங்கு இரண்டாயிற்று. உலக மற்போர்ச் சம்மேளனம் என அப்போது வழங்கிய நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டிலே தன் பெரும் போட்டி நிறுவனத்தை விலைக்கு வாங்கிவிட்டது. அதனால் இரு சிக்கல்கள் தோன்றின. கைவசமிருந்த வீரர் தொகை ஒரு நிகழ்ச்சிக்குள் அடங்காததாயிற்று; பகைப்பதற்கோ எதிரியில்லை. எனவே நிறுவனம் தன்னுள்ளேயே தனக்கொரு பகையைப் படைத்துக்கொண்டது. திங்கள் இரவு நிகழ்ச்சியான 'றோ'வுக்கு றிக் பிளெயரும், வியாழன் நிகழ்ச்சியான 'ஸ்மாக்டவு'னுக்கு வின்ஸ் மக்மானும் பொறுப்பாளராக, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கிலே (ஆம், ஒரு பல்கலைக்கழகத்திலேதான்) வீரரைத் தெரிவு செய்தனர். மக்மானின் முதல் தெரிவு 'த றொக்'. பிளெயரின் முதல் தெரிவு அண்டர்ரேக்கர். தொலைக்காட்சியில் ஒவ்வொருவரும் பத்துத் தெரிவுகளைச் செய்தனர். எஞ்சியோர் குலுக்கல் முறையிற் பகிரப்பட்டனர் என அறிவிக்கப்பட்டது. தெரிவு யாவும் நிறுவனத்தாரின் எழுத்துமேசையில் முன்னரே தீர்மானமானவை என்பதைக் கூறத் தேவையில்லை. ஆயினும் விளைவு மெய்யானது. இரு குழுவினரும் வெவ்வேறு ஊர்களுக்கு வெவ்வேறு நாள்களிற் பயணம் செய்தனர். நேற்றுவரை ஒரே காரிற் சென்றோர் இனிக் காண்பது அரிதாயிற்று.

சிறுவர் இருவரும் காட்டுக் கட்டை உடனே இரண்டாக்கினர். இளையவனுக்கு றோ, மூத்தவனுக்கு ஸ்மாக்டவுண். சில மாதங்களின் பின்னர் அண்டர்ரேக்கர் ஸ்மாக்டவுணுக்கு மாறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது வீட்டிலே பெரும் பூசல் மூண்டது. காட்டைத் தருமாறு மூத்தவன் கேட்டான். இளையவன் அதனைக் களிசான் பைக்குள் வைத்துக்கொண்டு, "என்ர காட்டை அமெரிக்காவில இருந்து எப்பிடி மாத்துவாங்கள்?" என்று வாதிட்டான். சட்ட நுணுக்கத்தில் இதனை விஞ்சிய வாதம் எளிதிற் கிடைக்காது.

ஆனால் இளையவனின் மனத்தை மிகுதியும் உறுத்தியது வேறொன்று. டட்லி சகோதரர் என இருவர் இருந்தனர். பபா ரே வெள்ளையர், டி-வொன் கறுப்பினத்தவர், உண்மையில் சகோதரரல்லர். அரங்கில் மாத்திரமே சகோதரர், எனினும் அரங்கிற்கு அதுவே போதுமானது. பங்கீட்டில் பபா ரேயைப் பிளெயரும் டி-வொனை மக்மானும் எடுத்தனர். பிளெயர் தம் இரண்டாந் தெரிவாக ஒரு முழுக் குழுவையே எடுத்திருந்தார். மக்மானும் பில்லி, சக் என்ற இணையை ஒரே தெரிவாகக் கொண்டார். அவ்வாறாயின் டட்லிகளையும் ஒன்றாக எடுத்திருக்கலாமன்றோ? மூத்தவனிடம் இதற்கு விடையிருக்கவில்லை. "அவங்கள் ரெண்டாத்தான் எண்ணியிருக்கிறாங்கள் போல" என்று மட்டும் சொன்னான். அவ்வாண்டு நவம்பரில் நியூயோர்க் அரங்கிலே டட்லிகள் மீண்டும் ஒன்று சேர்ந்தனர். அச்செய்தி சிற்றூரை அடைய மறு ஆண்டாயிற்று. அடைந்த அன்று இருவரும் கிணற்றடியில் ஒருவரையொருவர் தோளில் ஏற்றி ஆடினர்.

2008இன் பிற்பகுதியிற் சனம் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. ஒவ்வோர் ஊரிலும் ஏதோவொரு பொருள் கைவிடப்பட்டது. காட்டுக் கட்டு உடையார்கட்டில் ஒரு பதுங்குகுழியில் தங்கிப்போயிற்று. 2009 ஏப்ரல் 20ஆந் திகதி புதுமாத்தளனில் வெளியேறிய பெருங்கூட்டத்தோடு மூத்தவனும் தாயும் சென்றனர். இளையவனின் குடும்பம் மே மாதத்திலேதான் வெளியேறியது. இடைப்பட்ட நாள்களைப் பற்றி அவன் இன்றுவரை பேசுவதில்லை.

இரு குடும்பங்களும் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் இருந்தன. ஆயின் வெவ்வேறு வலயங்களில். வலயங்கள் சிலவற்றிற்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் எனத் தமிழ்ப் பெரியோரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. சிவநடனம் பற்றி எழுதிய அறிஞரின் பெயரைப் பலர் அங்குத் தண்ணீர்த் தாங்கியின் அருகிலேதான் முதன்முதலாகக் கேள்வியுற்றனர். ஒரு வலயத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் தடையிருந்தது. குடும்பங்களை ஒன்று சேர்ப்பதற்கு விண்ணப்பம் உண்டென அறிந்து இளையவன் ஒரு படிவத்தை நிரப்பினான். உறவுமுறை என்ற கட்டத்தில் அண்ணன் என எழுதினான். அதன் கீழே தந்தையின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. தன் தந்தையின் பெயரை எழுதினால் பொய். மூத்தவனின் தந்தையின் பெயரை எழுதினால் அண்ணன் என்பது பொய். நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி தறப்பாளின்கீழ் அமர்ந்திருந்தவன் அப்படிவத்தைக் கொடுக்காமலே விட்டான். டட்லிகளின் நினைவு அன்று தனக்கு வந்ததென்றும், வந்ததற்காக வெட்கப்பட்டதாகவும் பின்னொருகாற் சொன்னான். அவ்வாண்டு டிசம்பரில் வெளியே சென்றுவர அனுமதி கிடைக்கும்வரை முட்கம்பிகளின் இருபுறமும் நின்றே பேசினர். பேசுதற்கு அதிகம் இருக்கவில்லை. சமைத்தது என்ன, தாய்க்குக் காய்ச்சல் விட்டதா, இவ்வளவே.

பின்னர் மூத்தவன் வவுனியாவில் மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் தொழிலில் அமர்ந்தான். இளையவன் பல்கலைக்கழகம் புகுந்தான். அமெரிக்க நிறுவனம் 2011இற் கைவிட்ட இரு அரங்கு முறையை 2016இல் மீண்டும் கொணர்ந்து, யூலை 19ஆந் திகதி புதிய பங்கீட்டை நடத்தியது. விடுதி அறையிலே இளையவன் அதன் விதிகளை வாசித்தான். இணையராகப் பொருதுவோர் ஒரே தெரிவாகக் கொள்ளப்படுவர். பொறுப்பாளர் ஒருவரை மாத்திரமே வேண்டினாலன்றிப் பிரிக்கப்படார். இவ்விதியை அவன் இருமுறை வாசித்தான். வயதேறிய டட்லிகள் அப்போது மீண்டும் அந்நிறுவனத்திலேயே இருந்தனர். பட்டியலின் பிற்பகுதியில், றோவின் பக்கத்தில், இருவரின் பெயரும் ஒரே வரியில் இருந்தது.

இரவு பத்து மணிக்கு வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, டட்லியள் ரெண்டு பேரையும் இந்தமுறை ஒண்டாத்தான் எடுத்திருக்கிறாங்கள்."

மறுமுனையிற் சற்று நேரம் ஓசையில்லை. கிறீஸ் கையைத் துணியிலே துடைத்திருக்கக்கூடும்.

"அண்டர்ரேக்கரை ஆர் எடுத்தது?"

"அவரை ஒருத்தரும் எடுக்கேல்லை. லிஸ்ற்றில பேரே இல்லை."

"அப்ப அந்தக் காட் என்ர" என்றான் மூத்தவன்.